கீமேன் வெயிலுமுத்துவின் நாற்பது நிமிடம்

கோவில்பட்டியில் ஒரு குரு இருந்தார். குரு என்றதும் தாடியும் மரத்தடியும் நினைவுக்கு வந்தால் இப்போதே ஓரமாக வைத்துவிடுங்கள். இந்தக் குருவின் பெயர் ஜெபக்கனி. வயது முப்பத்திரண்டு. ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஹாக்கி ஆடியவர். இப்போது இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறார். அங்கே வருகிற எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. பெயர் வெயிலுமுத்து. ரயில்வேயில் கீமேன். தினமும் காலையில் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் பங்குத் தண்டவாளம் ஆறு கிலோமீட்டரையும் ஓர் அடி விடாமல் நடந்து பார்க்கிற வேலை. தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிளிப் எங்காவது தளர்ந்திருந்தால் அங்கேயே அடித்து இறுக்க வேண்டும். பதினெட்டு வருடத்தில் அவர் பங்கில் ஒரு வண்டிகூடத் தடுமாறியதில்லை. அதை அவராக யாரிடமும் சொல்ல மாட்டார். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பார்.

ஐந்து மாதத்துக்கு முன் மழையில் நனைந்த ஜல்லியில் கால் பிசகி, வலது முட்டி போய்விட்டது. ஆபரேஷன் நடந்தது. இன்னும் எட்டு வாரத்தில் ரயில்வே டாக்டர் சோதித்துப் பார்ப்பார். முட்டி தேறியிருந்தால் மறுபடி லைன். தேறாவிட்டால் ஆபீஸில் ஃபைல் தூக்குகிற வேலை. நாற்காலி, ஃபேன், நிழல் எல்லாம் உண்டு. ஊரில் பாதிப் பேர் அந்த வேலைக்குத் தவம் கிடப்பார்கள். வெயிலுமுத்துவுக்கோ அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

முட்டி அதிரக் கூடாது, ஓடக் கூடாது, எலிப்டிகலில் தினம் நாற்பது நிமிடம் போங்கள் என்று எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். காலுக்கு இரண்டு பலகை, கைக்கு இரண்டு கம்பி உள்ள மிஷின் அது. எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம், ஓர் இடத்துக்கும் போய்ச் சேர முடியாது.

பன்னிரண்டாம் நாள், பதினோராவது நிமிடத்தில் அவர் இறங்கிவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, வலிக்கா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"வலி இல்ல மாஸ்டர். போர் அடிக்கு."

"ம்."

"நின்ன இடத்துலயே நடக்கேன். அதே சுவரு, அதே ஆணி. நேத்தும் இதுதான், நாளைக்கும் இதுதான். மனுசன் எப்படி நாப்பது நிமிசம் நிப்பான்?"

"பாட்டு கேட்டுப் பாருங்க."

மறுநாள் மகளிடம் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் அதைக் கழற்றினார். கழற்றிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். லைனில் நடக்கிறவன் காதை அடைத்துக்கொண்டால் ஆள் மிஞ்ச மாட்டான். அந்தக் காது பாட்டுக்கு ஏங்கவில்லை, பின்னால் வண்டி வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து மிஷினில் ஓடிக்கொண்டிருந்த ஜவுளிக்கடை சங்கரலிங்கம் சும்மா இருந்திருக்கலாம்.

"அண்ணாச்சி, யாரு துரத்துதாங்க?"

ஜிம்மே சிரித்தது. வெயிலுமுத்துவுக்கு முகம் சுண்டிவிட்டது. மாஸ்டர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் வந்தபோது மிஷின் திரும்பியிருந்தது. அதன் முதுகு சுவரை ஒட்டி இருந்தது. ஏறி நின்றால் ஜிம் முழுக்கத் தெரிந்தது.

"இனிமே பின்னால ஒரு வண்டியும் வராது," என்றார் மாஸ்டர்.

நன்றாகத்தான் இருந்தது. யார் எவ்வளவு தூக்குகிறார்கள், யார் தூக்குவதுபோல் பாவனை செய்கிறார்கள், கண்ணாடி முன் யார் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று மூன்று நாள் பார்த்தார். சங்கரலிங்கம் ஓடுவதைவிடத் தண்ணீர் குடிப்பதே அதிகம் என்று கண்டுபிடித்ததில் ஒரு திருப்தி. நாலாம் நாள் அதுவும் சலித்தது.

"ஆளுகளும் பழகிப் போச்சு மாஸ்டர். இந்த மிஷின்ல வேற என்னமும் இருக்கா?"

"பொத்தான் இருக்கு. மலை, மேடு பள்ளம், வேகம், மெதுன்னு பதினாறு விதம்."

வெயிலுமுத்து ஆசையாக ஏறினார். ஒரே நாளில் நாலு விதம் அமுக்கிப் பார்த்தார். மறுநாள் இன்னும் நாலு. அந்த வாரம் முடிவதற்குள் மறுபடி மாஸ்டருக்கு முன்னால் போய் நின்றார்.

"பதினாறும் முடிஞ்சுது. பதினேழு இருக்கா?"

மாஸ்டர் கையிலிருந்த டம்பெல்லைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, நீங்க லைன்ல எத்தனை கிலோமீட்டர் பாப்பீங்க?"

"ஆறு."

"தினமும் வேற வேற ஆறா?"

"அதே ஆறுதான்."

"பதினெட்டு வருசமாவா?"

"பதினெட்டு வருசமா."

"போர் அடிக்கலையா?"

வெயிலுமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாஸ்டர் என்றும் பார்க்கவில்லை.

"யாரப் பாத்து என்ன கேக்கீங்க? காலையில இரும்பு சுருங்கிக் கெடக்கும். உச்சி வெயில்ல நீண்டுரும். மழை பெஞ்ச மறுநாளு ஜல்லி எறங்கும். வளைவுல ஒரு மாதிரி சத்தம், பாலத்துல ஒரு மாதிரி சத்தம். நேத்துப் பாத்த தண்டவாளம் இன்னைக்குக் கெடையாது. போர் அடிக்கலையான்னு கேக்கீங்களே!"

"அப்படி நடந்து என்னத்தப் பாப்பீங்க?"

"தளர்ந்ததப் பாப்பேன்."

"தினமும் கிடைக்குமா?"

"ஒரு நாளு ஒண்ணு கிடைக்கும். ஒரு நாளு நாலு. ஒரு நாளு ஒண்ணுமே இருக்காது."

"ஒண்ணும் இல்லாத நாளு சலிப்பாத்தான இருக்கும்?"

"அதுதான் நல்ல நாளு மாஸ்டர்!" வெயிலுமுத்துவின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. "அன்னைக்கு வீட்டுக்குப் போற நடையே வேற."

மாஸ்டர் எலிப்டிகலைக் காட்டினார்.

"சரி. இன்னைக்கு இதுல இருபது நிமிசம் நடந்தீங்களே, எது தளர்ந்திருந்துது?"

வெயிலுமுத்து அந்த இருபது நிமிடத்தையும் மனதில் ஓட்டிப் பார்த்தார். சுவரைப் பார்த்திருந்தார். ஆளைப் பார்த்திருந்தார். நிமிடத்தைப் பார்த்திருந்தார். பதினாறு பொத்தானையும் பார்த்திருந்தார். மிதித்துக்கொண்டிருந்த ஆளை மட்டும் ஒரு நாளும் பார்க்கவில்லை.

மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மிஷினின் முகத்தில் போட்டு மூடினார். நேரமும் எண்ணும் மறைந்துபோயின.

"பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

முதல் நாள் ஒன்றும் அகப்படவில்லை. உடம்பு மொத்தமும் ஒரே மூட்டையாகத் தெரிந்தது. லைனில் சேர்ந்த புதிதிலும் அப்படித்தான் இருந்தது, எந்தக் கிளிப்பைப் பார்த்தாலும் நல்ல கிளிப்பாகவே தோன்றும். அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லி மேஸ்திரி திட்டுவார். வெயிலுமுத்து இப்போது தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பாதம் பார், அப்புறம் கணுக்கால், அப்புறம் முட்டி.

மூன்றாம் நாள் வெயிலுமுத்து மாஸ்டருக்கு முன்னால் போய், மேலதிகாரிக்குச் சொல்வதுபோல் விறைப்பாக நின்று சொன்னார்.

"வலது குதிங்கால் பலகையில ஒட்ட மாட்டேங்குது மாஸ்டர். முட்டிக்குப் பயந்துக்கிட்டு முந்தியே கெளம்பிருது."

"அப்படின்னா நாளைக்குப் பின்பக்கமா மிதிங்க."

பின்பக்கமாக மிதித்தார். குதிங்காலுக்கு வேறு வழியில்லாமல் அது பலகையில் உட்கார்ந்தது. தொடையின் பின்பக்கம் இதுவரை சும்மா இருந்த ஒரு சதை விழித்துக்கொண்டு சண்டை போட்டது.

"இடது கை மட்டும்தான் இழுக்குது மாஸ்டர். வலது கை சும்மா கூட வருது."

"கம்பிய விட்ருங்க."

விட்டார். இடுப்பு ஆடியது. பாலத்தின் மேல் நடக்கிறபோது எப்படித் தன்னை நடுவில் வைத்துக்கொள்வாரோ அப்படி வைத்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் பனியன் நனைந்துவிட்டது.

"கடைசியில மூச்சு அவசரப்படுதே."

"ஒரு நிமிசம் நீங்களே அவசரப்படுத்துங்க. ரெண்டு நிமிசம் ஆற விடுங்க. திரும்பவும் அப்படியே பண்ணுங்க."

இப்படியே ஒன்று போனால் ஒன்று வந்தது. மேட்டில் ஏற்றினால் இடுப்பு வலப்பக்கம் சாய்ந்தது. அதைச் சரிசெய்தால் தோள் மேலே ஏறியது. சரியாகத் தூங்காத மறுநாள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. கறிக்குழம்பு சாப்பிட்ட மறுநாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எதைக் கொண்டுவந்தாலும் மாஸ்டரிடம் அதற்கு ஒரு நடை இருந்தது. துண்டை விலக்கிப் பார்த்தால் சில நாள் ஐம்பது நிமிடம் தாண்டியிருந்தது. வெயிலுமுத்து அதை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கீழே இறங்குவார்.

ஏழாவது வாரத்தில் ஒரு நாள் வெயிலுமுத்து மார்பை நிமிர்த்திக்கொண்டு மாஸ்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

"இன்னைக்கு ஒண்ணுமே இல்ல மாஸ்டர். முழுசாப் பாத்துட்டேன்."

மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பெருமை தாங்கவில்லை அவருக்கு. அதைக் காட்டிக்கொள்ளாமல் போய் மிஷினின் மேட்டை இரண்டு படி கூட்டிவிட்டு வந்தார்.

"நாளைக்கு இருக்கும்," என்றார்.

எட்டு வாரம் முடிந்தது. வெயிலுமுத்து ரயில்வே டாக்டரைப் பார்க்க மதுரைக்குப் போனார். டாக்டர் உட்காரச் சொன்னார், எழச் சொன்னார், படி ஏறி இறங்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டு அன்று மாலையே ஊர் திரும்பினார். வீட்டுக்குப் போகாமல் கையில் பையோடு நேராக மாடிப்படி ஏறினார். அவர் முகத்தைப் பார்த்ததும் சங்கரலிங்கம் ஓட்டத்தை நிறுத்தினார். மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

"எழுதிட்டாரு மாஸ்டர். திங்கக்கிழமையில இருந்து லைனுக்குப் போலாம்னு எழுதிட்டாரு."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சங்கரலிங்கம்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். மாஸ்டரின் கண் கலங்கியது. மாநில அணியில் கோல் போட்ட அன்றுகூட அவர் இப்படி நிற்கவில்லை. எல்லோரும் அவரவர் மிஷினுக்குத் திரும்பிய பிறகும் வெயிலுமுத்து போகவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"ஒரு தப்பு பண்ணிட்டேனோன்னு இருக்கு."

"சொல்லுங்க."

"டாக்டரு நல்ல மனுசன். முட்டி தேறிட்டு, ஆனா வயசாச்சே, கேட்டா ஆபீஸ் வேலைக்கே எழுதித் தாரேன்னாரு. இன்னும் ஒம்பது வருசம் அதே தண்டவாளத்தப் பாத்துக்கிட்டே நடக்கணுமா, போர் அடிக்காதான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

வெயிலுமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"சார், நீங்க ஒரே ஒரு நாளு என்கூட நடந்து வாங்க, நான் பாக்கதுல பாதிய நீங்க பாத்துட்டீங்கன்னா நான் ஆபீஸுக்கே போயிருதேன்னு சொல்லிட்டேன். எம்புட்டுப் பெரிய டாக்டரு. எங்க இருந்து வந்துதுன்னு எனக்கே தெரியல. திமிராப் பேசிட்டேனோ மாஸ்டர்?"

மாஸ்டர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க பாத்து முடிச்ச பெறகு முதல்ல எந்த வண்டி அண்ணாச்சி அந்த லைன்ல போகும்?"

"மெட்ராஸ் வண்டி."

"எத்தனை பேரு வருவாங்க?"

"ஆயிரத்துக்கு மேல இருக்கும்."

"அந்நேரம் என்ன பண்ணிக்கிட்டு வருவாங்க?"

"ராத்திரி பூரா வந்த வண்டி மாஸ்டர். முக்காவாசிப் பேரு தூங்கிக்கிட்டுத்தான் வருவாங்க."

"அம்புட்டுப் பேரும் அப்படித் தூங்கணும்னா," என்றார் மாஸ்டர், "முன்னால நடக்கிறவரு கொஞ்சம் திமிராத்தான் நடக்கணும்."