மூலை வழியாகப் போகாத தூரம்

ஏரிக்கரைக் கணக்குப் பள்ளியில் எல்லாரையும்விட வயதில் மூத்தவர் ஒரு மாணவர். பெயர் தாண்டவராயர். தலை முழுக்க நரைத்தவர். குரு தையல்நாயகிக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அவர் குருவை "அம்மா" என்பார். குரு அவரை "ஐயா" என்பார். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவது உண்டு. திட்டு வாங்குகிறவர் யார் என்று பார்த்தால் தெளிந்துவிடும்.

பள்ளிக்கு முன்னால் ஏரி. அதற்கு இரண்டு கரைகள், தென்கரையும் மேல்கரையும். இரண்டும் கல்மதகு இருக்கும் மூலையில் சந்திக்கின்றன. கரை போட்டவன் யாரோ, நன்றாகக் கயிறு பிடித்துப் போட்டிருக்கிறான். மூலை அச்சு அசலாகச் செங்கோணம். தென்கரை முடியும் இடத்தில் பள்ளி. மேல்கரை முடியும் இடத்தில் ஒரு சின்ன ஊர். மற்ற இரண்டு பக்கமும் கருவேலங்காடு, பாம்புகூட யோசித்துத்தான் நுழையும்.

அந்தச் சின்ன ஊரில் தாண்டவராயரின் தம்பி அம்பலவாணர் இருந்தார்.

ஒரு காலத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு கோடையில், யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்று கல்மதகின்மேல் நின்று வாய்ச்சண்டை போட்டார்கள்.

"இதே கல்லுகிட்ட வந்து தப்புன்னு சொல்லு. அப்புறம் பேசலாம்" என்றார் தம்பி.

"அம்மா மேல சத்தியம். இந்த மூலையில இனி என் கால் படாது" என்றார் அண்ணன்.

"எனக்கு மட்டும் அம்மா இல்லையா? என் காலும் படாது."

அண்ணன் தென்கரையோடு கிழக்கே போனார். தம்பி மேல்கரையோடு வடக்கே போனார். கரை வழியாகப் போகிற யாரும் அந்த மூலையைத் தாண்டாமல் அடுத்த கரைக்குப் போக முடியாது. அதனால் இருவரும் போகவில்லை. சத்தியம் செய்வதில் இருவருக்கும் அவசரம். காப்பாற்றுவதில் இருவரும் கெட்டி. வருஷங்கள் ஓடிவிட்டன.

தாண்டவராயர் கணக்குப் படிக்க வந்ததுகூட ஞானம் தேடி அல்ல. மதகையும் வாய்க்காலையும் வயலையும் முறையாக அளந்து, நியாயம் தன் பக்கம்தான் என்று ஊருக்குக் காட்ட வேண்டும் என்பதே அவர் ஆசை. குருவுக்கு அது தெரியும். தெரிந்துதான் சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. நிலத்தை அளக்கும்போது ஒவ்வொரு கயிறு முடிந்ததும் முளைக்குச்சியை அடித்துவிட்டு, எண்ணை உரக்கக் கூவ வேண்டும். மனசுக்குள் எண்ணினால் எண்ணிக்கை தவறிவிடும் என்பார் குரு. இதில் தாண்டவராயரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் கூவினால் புளியமரத்துக் காக்கைகள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்காரும்.

அந்த வருஷம் மழை பொய்த்து, ஏரி என்றும் இல்லாதபடி அடியோடு வற்றிக் கிடந்தது. ஐப்பசி பிறந்து, கிழக்கே மேகம் கூடத் தொடங்கிய ஒரு நாளில் வேம்பு பள்ளிக்கு வந்தாள். மேல்கரை ஊரில் ஆடு மேய்ப்பவள். முழங்கால் வரைக்கும் ஏரிப் புழுதி. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தாண்டவராயர் பக்கம் திரும்பினாள்.

"பெரியவரே, உங்க தம்பிக்குக் கண்ணு மங்கிக்கிட்டே போகுது. வைத்தியர் கையை விரிச்சிட்டாரு. இப்பவே ஆளு நிழலாட்டம்தான் தெரியுதாம்."

தாண்டவராயர் அளவுக் கயிற்றை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார்.

"முழுசா இருட்டுறதுக்குள்ள எங்க அண்ணன் முகத்தை ஒருதரம் பார்த்துரணும்னு புலம்பிக்கிட்டே இருக்காரு."

"வர வேண்டியதுதானே."

"எப்படி வருவாரு? அவரும்தான் சத்தியம் பண்ணியிருக்காரே."

வேம்பு குச்சியை எடுத்துக்கொண்டு ஆடுகளை ஏரிக்குள் ஓட்டினாள். வந்த வழியே குறுக்கே நடந்து போனாள்.

தாண்டவராயர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு எழுந்து கை கழுவினார். அவருக்குத் தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது. அது அந்தக் காலத்து முகம், மீசை கறுத்த முகம். இப்போது எப்படி இருப்பான் என்று அவருக்குத் தெரியவில்லை. அதுதான் அவரை வதைத்தது. நேராகக் குருவிடம் போனார்.

"அம்மா, செத்துப்போன அம்மா மேல பண்ணின சத்தியத்தை மீறலாமா?"

குரு முற்றத்து மணலைக் கையால் சமன்செய்துகொண்டிருந்தார். "சத்தியத்தைப் பத்தி எனக்குத் தெரியாது ஐயா. கணக்கு தெரியும். உட்காருங்க."

உட்கார்ந்தார்.

குரு மணலில் ஒரு கோடு கிழித்தார். அதன் மேற்கு முனையிலிருந்து நிமிர்த்தி இன்னொரு கோடு.

"இது தென்கரை. இருபத்தொரு கயிறு. இது மேல்கரை. இருபது கயிறு. இந்த முனையிலிருந்து அந்த முனை எவ்வளவு தூரம்?"

"நாப்பத்தொண்ணு" என்றார் தாண்டவராயர். சட்டென்று வந்தது.

பக்கத்தில் இருந்த மாணவர்கள் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இந்தக் கணக்கை அவர்களுக்கே சொல்லிக்கொடுப்பவர் தாண்டவராயர்தான்.

"எப்படி வந்துச்சு?"

"கூட்டினேன்."

"செங்கோண முக்கோணத்துல ரெண்டு பக்கத்தைக் கூட்டினா கர்ணம் வருமா?"

"வராது."

"தெரியுதுல்ல?"

"தெரியும்மா."

"அப்புறம்?"

தாண்டவராயர் மணலைப் பார்த்தபடி இருந்தார். "மனசு மூலை வழியாப் போயிடுச்சு."

"மூலையை விட்டுட்டுப் போடுங்க" என்றார் குரு.

தாண்டவராயர் விரலால் எழுதினார். இருபத்தொன்றை இருபத்தொன்றால் பெருக்கினால் நானூற்று நாற்பத்தொன்று. இருபதை இருபதால் பெருக்கினால் நானூறு. இரண்டும் சேர்ந்து எண்ணூற்று நாற்பத்தொன்று. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் இது வரும் என்று அவர் விரல் கொஞ்சம் அலைந்தது. பிறகு எழுதியது: இருபத்தொன்பது.

முனைக்கும் முனைக்கும் மூன்றாவது கோட்டை இழுத்தார். இழுத்த விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி ஏரியைப் பார்த்தார். வேம்பின் ஆடுகள் வெகு தூரத்தில் வெள்ளைப் புள்ளிகளாகப் போய்க்கொண்டிருந்தன. தினமும் ஆடு போய் வருகிற வழி. படித்த மனிதருக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

"சரியா ஐயா?"

"கணக்குப்படி சரி."

"அளந்து பார்த்துட்டு வாங்க."

"நானா?"

"கணக்குப் போட்டவர்தானே அளக்கணும்."

தாண்டவராயர் எழுந்து அளவுக் கயிற்றையும் முளைக்குச்சிகளையும் எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"அம்மா, அங்க போய் நான் என்ன சொல்றது?"

"எத்தனை கயிறுன்னு சொல்லுங்க."

"அதுக்கில்லம்மா..."

"மேகம் கூடுது. எண்ணைக் கூவ மறந்துடாதீங்க."

குரு ஒரு கட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு கரைமேல் வந்து உட்கார்ந்தார். மாணவர்களும் வந்து நின்றார்கள். தாண்டவராயர் மேல்கரை ஊரின் ஆலமரத்துக்கு நேராகக் கண்ணை வைத்து ஏரிக்குள் இறங்கினார். கயிற்றின் நுனியை முளையில் மாட்டி, நடந்து, இழுத்து, அடுத்த முளையை அடித்தார்.

"ஒண்ணு!"

குரு கீரை ஆய்ந்தார்.

"ரெண்டு!"

தனியாக அளப்பது சள்ளை பிடித்த வேலை. மறு நுனியைக் கழற்ற ஒவ்வொரு கயிற்றுக்கும் திரும்பி நடக்க வேண்டும். அவர் சளைக்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று குரல் மெல்ல மெல்லத் தள்ளிப் போனது. பத்தில் சற்று நின்றார். திரும்பி வந்துவிடுவாரோ என்று மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பதினொண்ணு!"

அப்புறம் நிற்கவில்லை. பதினைந்துக்குமேல் ஆள் சிறுத்துவிட்டார், கூவல் மட்டும் காற்றில் வந்தது.

"பதினெட்டு!"

அடுத்த எண் வரவில்லை.

குருவின் கை கீரையில் அப்படியே நின்றது. மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எண்ணிக்கை விட்டுப்போச்சு போல" என்றான் ஒருவன்.

"மயக்கம் கியக்கம் வந்திருக்குமோ? சாப்பிடவும் இல்லையே" என்றான் இன்னொருவன். "போய்ப் பார்க்கட்டுமாம்மா?"

"இருங்க" என்றார் குரு. அவர் முகத்திலும் கவலை தெரிந்தது. கையை நெற்றியில் வைத்து ஏரியைப் பார்த்தார். தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி அசையாமல் இருந்தது. ஒன்றா இரண்டா என்று சொல்ல முடியவில்லை.

கிழக்கே ஒரு தடவை இடி உறுமி அடங்கியது. ஏரியில் சத்தமே இல்லை.

வெகு நேரம் கழித்துக் கேட்டது.

"பத்தொம்போது!"

இரண்டு குரல்கள். ஒன்று கணீரென்று. இன்னொன்று இருமலோடு.

குரு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீரையில் தூசி என்று யாரிடமோ சொன்னார். யாரும் கேட்கவில்லை.

தாண்டவராயர் பொழுது சாயும் வேளைக்குத் திரும்பி வந்தார். மேலெல்லாம் புழுதி. கன்னத்தில் புழுதி இரண்டு கோடாகக் கரைந்திருந்தது. கயிற்றைச் சுருட்டிக் குருவின் முன்னால் வைத்தார்.

"எத்தனை ஐயா?"

"இருபத்தொம்போது. ஒரு முழம்கூடப் பிசகு இல்லம்மா."

"பதினெட்டுல நின்னு போச்சே."

"அங்க அவன் நின்னுட்டிருந்தான்." தாண்டவராயர் ஏரியைத் திரும்பிப் பார்த்தார். "தடியை ஊனிக்கிட்டு வந்துட்டான். பதினொண்ணுன்னு யாரோ கத்துறது காதுல விழுந்துச்சாம். பன்னிரண்டுல நான்தான்னு தெரிஞ்சு போச்சாம். சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே நடந்து வந்திருக்கான்."

"தெரிஞ்சுதா? முகம்?"

"முகத்துக்கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தான். 'அண்ணே, வெள்ளையாத் தெரியுதே, தலையில துண்டா, முடியா?'ன்னான். முடிதான்டான்னேன். கையால தடவிப் பார்த்துட்டு, 'நெசமாத்தான்'னான். அப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சு வரலம்மா."

குரு சொம்பில் தண்ணீர் எடுத்து நீட்டினார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"மிச்சம் பதினொரு கயிறு?"

"சேர்ந்து அளந்தோம். நுனியை அவன் பிடிச்சுக்கிட்டான். நானும் பிடிக்கிறேன், நானும் கூவுறேன்னு ஒரே பிடிவாதம். சின்னப் பிள்ளையிலயும் அப்படித்தான்." சொல்லும்போதே சிரித்தார். "அவன் வீட்டுல சோறு போட்டாங்க. வயிறாரச் சாப்பிட்டேன்."

மழைக்கு முந்தின காற்று அடித்தது. மாணவர்கள் உலர்ந்த விறகை எடுத்து உள்ளே வைக்க ஓடினார்கள். தாண்டவராயர் மட்டும் நகரவில்லை. அவருக்குள் இன்னும் ஏதோ ஒன்று இருந்தது.

"என்ன ஐயா?"

"மதகுப் பேச்சு வரவே இல்லம்மா. அவனும் எடுக்கல. நானும் எடுக்கல. நியாயம் யார் பக்கம்னு தீரவே இல்லையே. அதைத் தீர்க்காம இப்படிப் போறதும் வர்றதும் சரியா வருமா?"

குரு எழுந்து முற்றத்துக்குப் போனார். மத்தியானம் போட்ட முக்கோணம் மணலில் அப்படியே கிடந்தது. குனிந்து உள்ளங்கையால் தென்கரையை அழித்தார். மேல்கரையை அழித்தார். இரண்டும் சந்தித்த மூலையை அழித்தார். தாண்டவராயர் விரலால் இழுத்த ஒற்றைக் கோடு மட்டும் மிஞ்சியது.

தாண்டவராயர் பதறிவிட்டார்.

"அம்மா, அந்த ரெண்டு பக்கத்தையும் அழிச்சிட்டா இந்த நீளம் எப்படி வந்துச்சுன்னே தெரியாதே!"

குரு கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

"கணக்குப் போட அது வேணும் ஐயா. நடக்க இது போதும்."