தானாக வராத மானிட்டர்

மங்கை டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஆளையே பார்ப்பார். அதற்குப் பேசாமல் நாலு வார்த்தை திட்டித் தொலைக்கலாமே என்று இருக்கும் பால்ச்சாமிக்கு.

தேனி பைபாஸில் கார்களுக்கு ஒயரிங் பார்க்கும் கடை டீச்சருடையது. ஒரு காலத்தில் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். வேலையை விட்டாலும் பேர் அவரை விடவில்லை. சிஷ்யர் பால்ச்சாமி அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். லாரி ஓட்டி இடுப்பு போனபிறகு, உட்கார்ந்து பார்க்கிற வேலையாக இருக்கட்டும் என்று வந்து சேர்ந்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலையாம்! டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடக்கிற வேலை என்று அப்போது ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்குக் கடையில் நின்றது சர்வேயர் தனசேகரின் ஜீப். அதில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார் மனுஷன். சீட்டுக்கு அடியில் பெட்டி, முன்னால் மானிட்டர். சாவியைத் திருப்பினால் பெட்டி தானாக முழித்துக்கொள்ளும். மானிட்டர் முழிக்காது. ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு, வந்து அமுக்குங்கள் என்று மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். மலைமேல் நிலம் அளக்கிறவர், வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுப்பார். எடுக்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கியாக வேண்டும்.

"தானா வர்ற மாதிரி பண்ணுங்க, இல்லேன்னா பிடுங்கி எறிஞ்சிருங்க" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குச் சாப்பிடப் போயிருந்தார் அவர்.

டீச்சர் ஒரு போன் பேசிவிட்டு வருவதற்குள் பால்ச்சாமி மானிட்டரைப் பிரித்து வேலையை முடித்திருந்தார். சாவியைத் திருப்பினார். மானிட்டர் எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது.

"என்னண்ணே பண்ணீங்க?"

"பட்டனை அமுக்கணும், அவ்வளவுதானே டீச்சர்? அமுக்கியே வெச்சுட்டேன்."

"அமுக்கியே வெச்சுட்டீங்களா?"

"பட்டனோட ரெண்டு காலுக்கும் நடுவுல ஈயத்தை உருக்கி ஒரு சொட்டு விட்டேன். இனிமே எவனும் அமுக்கவே வேண்டாம்."

கண்ணாடி மேஜைக்குப் போனது.

"ஏண்ணே, படுத்திருக்கிற ஆளை ஒருத்தன் எழுப்புறேன்னு உலுக்கிக்கிட்டே இருந்தா அவன் எந்திரிச்சு வேலையைப் பார்ப்பானா?"

"எப்படிப் பார்ப்பான்? பைத்தியம்தான் பிடிக்கும்."

"இதுக்கும் அதான் பிடிச்சிருக்கு. அமுக்கணும், விடணும். அமுக்குறது பாதி, விடுறது பாதி."

டீச்சர் ஈயத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்ற பால்ச்சாமிக்கு அந்த மானிட்டரைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டிலும் இதே கதை, கடையிலும் இதே கதையா?

"இந்திராணியும் இப்படித்தான் டீச்சர். கூப்பிட்டாத்தான் வருவா."

டீச்சர் நிமிரவில்லை. இந்தப் பாட்டு தினமும் கேட்கிற பாட்டுதான். பால்ச்சாமியின் மனைவி இந்திராணி, தூக்கி வளர்த்த தம்பியைப் போன மழைக்காலத்தில் பறிகொடுத்தவள். அன்றையிலிருந்து எழுப்பினால் எழுவாள், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். சொல்லாவிட்டால் பொழுது சாயும்வரை சுவரைப் பார்த்தபடி கிடப்பாள். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், பொறுமையா இருங்க, மெதுவாத்தான் சரியாகும் என்றிருந்தார். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பொறுமையாக இருக்க வேண்டியது பால்ச்சாமி.

"இன்னிக்குச் சாயங்காலம் போடிக்குக் கூட்டிட்டுப் போறேன். அவங்க அம்மா வீட்டுல விட்டுட்டு வந்துர்றேன். போதும் டீச்சர். நானும் மனுஷன்தானே?"

டீச்சரின் கை நின்றது.

"எப்ப திரும்பக் கூட்டிட்டு வருவீங்க?"

"என்னிக்குத் தானா எந்திரிக்கிறாளோ அன்னிக்கு ஒரு போன் போடுங்கன்னு மாமியார்கிட்டச் சொல்லியிருக்கேன்."

"அது என்னிக்கு?"

"எனக்கென்ன தெரியும்?"

"இந்திராணி என்ன சொல்லுச்சு?"

"என்ன சொல்லும்? பையைக் கட்டுன்னேன். கட்டிருச்சு."

சொல்லிவிட்டுப் பால்ச்சாமி மானிட்டரின் மூடியை நங்கென்று தரையில் வைத்தார். டீச்சர் டப்பாவில் கையை விட்டு, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கெப்பாசிட்டரை எடுத்துப் பட்டனின் இரண்டு காலுக்கும் குறுக்கே வைத்தார்.

"இது என்ன பண்ணும் டீச்சர்?"

"வெறும் வயித்தோட இருக்கும். கரண்ட் வந்ததும் குடிக்கும். குடிக்கிற அந்த நேரம் பட்டனை அமுக்கின மாதிரி. வயிறு நிறைஞ்சதும் தானா விட்டுரும்." சால்டர் பண்ணிக்கொண்டே கேட்டார். "எப்படிண்ணே கூப்பிடுவீங்க?"

"யாரை?"

"மானிட்டரையா கேக்குறேன்? உங்க வீட்டுக்காரம்மாவை."

"வாயாலதான்."

"ஐயோ, என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"நேத்தும் வந்து எழுப்பினேன், முந்தாநாளும் எழுப்பினேன், இன்னிக்கும் ஒருத்தன் வந்து எழுப்பணுமா, எந்திரிம்பேன். நியாயமான கேள்விதானே?"

"ஆரம்பத்துலயும் இப்படித்தான் கூப்பிட்டீங்களா?"

"சேச்சே! அப்பல்லாம் வெறும் 'இந்திரா'ன்னு கூப்பிடுவேன். டக்குன்னு எந்திரிச்சு உக்காந்துரும். இப்பல்லாம் காட்டுக்கத்தா கத்தினாத்தான் மெதுவா அசையுது. நாளாக நாளாகச் சரியாகும்னாங்க, நாளாக நாளாக மோசமாத்தான் போகுது."

டீச்சர் சால்ட்ரிங் ராடை ஸ்டாண்டில் வைத்தார். சாவியைத் திருப்பச் சொன்னார். மானிட்டர் ஒரே மூச்சில் எரிந்து, அணையாமல் நின்றது. பால்ச்சாமி கைதட்டாத குறைதான். சாப்பிட்டு வந்த சர்வேயரும் ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார்.

டீயைக் குடித்து கிளாஸைக் கீழே வைப்பதற்குள் அதே ஜீப் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்து நின்றது.

"என்ன வேலை பார்த்திருக்கீங்க? டீசல் போட நிறுத்தினேன். மறுபடி எடுத்தா அதே சிவப்பு விளக்கு! ஒரு தடவை வர்றதுக்கா இவ்வளவு பாடு?"

"போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார் டீச்சர். "உங்களைத் திட்டினேன். நானும்ல கோட்டை விட்டிருக்கேன்."

மறுபடி மானிட்டரைக் கழற்றினார்கள். மறுபடி பால்ச்சாமி டேஷ்போர்டுக்கு அடியில் போனார். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. மானிட்டர் செய்தவனை, ஜீப் செய்தவனை, நிலம் அளக்கும் வேலையைக் கண்டுபிடித்தவனை எல்லாம் மனசுக்குள் வரிசையாக வைத்துத் திட்டினார்.

டீச்சர் நூலளவு ரெசிஸ்டர் ஒன்றை அந்தக் கெப்பாசிட்டரின்மேல் வைத்து ஒட்டினார். மூடியைப் போட்டார்கள். சர்வேயர் சாவியைத் திருப்பினார். எரிந்தது. அணைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் திருப்பினார். எரிந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னும் பல தடவை போட்டுப் போட்டுப் பார்த்தார். சளைக்காமல் எரிந்தது. இந்தத் தடவை கும்பிடு கிடையாது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கிளம்பினார்.

பால்ச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் கிளம்புறேன் டீச்சர். பஸ்ஸுக்கு நேரமாச்சு. அவ ரெடியாத்தான் இருப்பா."

"ம்."

"நான் பண்றது தப்பாத் தெரியுதா உங்களுக்கு? இந்த மானிட்டரையே எடுத்துக்குங்க. அமுக்கி அமுக்கிச் சலிச்சுப் போய்த்தானே அந்தாளு இங்க கொண்டுவந்தாரு? இப்பப் பாருங்க, யாரும் அமுக்க வேண்டாம், தானா வருது. அது மாதிரி அவளும் தானா வரட்டும். அதுவரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். மேஜையில் வைக்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"தானா எங்கண்ணே வருது? வண்டியை எடுக்கிறப்பல்லாம் உள்ள ஒருத்தன் அமுக்குறான்."

"சரி, அவன் முன்னயும் அமுக்கினான்தானே? டீசல் போட்டுட்டு வந்ததும் அவனுக்கு என்ன கேடு வந்துச்சு?"

"முதல்ல அமுக்கினதை இறக்கி வைக்காம உள்ளயே வெச்சிருந்தான். அவ்வளவும் வயித்துல இருந்தா அடுத்த தடவை எப்படி அமுக்குவான்? இப்ப நான் ஒட்டினது, அமுக்கி முடிச்சதை அப்பப்ப இறக்கி விடுறதுக்கு. இனிமே அவனுக்கு ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான்."

"நேத்தும் எழுப்பினேன், முந்தாநாளும் எழுப்பினேன்..." என்று தன் பாட்டையே முணுமுணுத்தார் பால்ச்சாமி. வெளியே போடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.