சிங்கக் குகைக்குக் காவல் தேவை

கோடை தகித்த ஒரு காட்டில், ஆற்று மணலில் முட்டையிட்டிருந்தது ஓர் ஆள்காட்டிக் குருவி. மூன்றே முட்டைகள். மறைவுக்கு ஒரு புல்கூட இல்லை. உடும்பு ஒன்று அந்தப் பக்கமே வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சிங்கத்தின் மந்திரி நரி அறிவித்தது: "அரசர் பகலில் தூங்குகிறார். வேட்டைக்காரன் வந்தால் கத்தி எழுப்பக் காவல் தேவை. கூலியாகக் கூட்டைச் சுற்றி முள்வேலி போட்டுத் தரப்படும்."

மனித வாடை பட்டாலே கத்துகிற பிறவி ஆள்காட்டி. "எனக்கென்றே வந்த வேலை!" என்று பறந்தோடியது.

"எங்கே, கத்திக் காட்டு" என்றது நரி.

குருவி கத்தியது. காடே திடுக்கிட்டது.

"பலே! முதல் சுற்றில் தேறிவிட்டாய். இரண்டாம் சுற்று, இன்று பொழுது சாயும்வரை குகை வாசலில் நின்று காட்டு."

நின்றது. வேட்டைக்காரன் வந்தான். குருவி கத்திய கத்தலில் சிங்கம் விழித்துத் தப்பியது.

"வேலை எனக்குத்தானே, ஐயா?"

"நாளை மூன்றாம் சுற்று. அதையும் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்."

மூன்று முடிந்ததும் நான்கு என்றது நரி. தொண்டை கட்டிப்போன குருவி கெஞ்சியது: "முட்டைகள் தனியாகக் கிடக்கின்றன. ஒரு முடிவைச் சொல்லுங்கள், ஐயா!"

"அவசரக்காரர்களுக்கு இங்கே வேலை இல்லை."

பாவம், வாயை மூடிக்கொண்டு ஐந்தாம் சுற்றுக்கும் நின்றது.

மாலையில் அந்த வழியாக வந்த காடை கேட்டது: "நீயும் ஏமாந்தாயா? போன வாரம் நான் நின்றேன். அதற்கு முன் மைனா. தேர்வுக்கு வருகிறவர்களை வைத்தே இங்கே காவல் நடக்கிறது, அக்கா."

குருவி உடனே ஆற்றங்கரைக்குப் பறந்தது. மணலில் உடும்பு வாலை இழுத்துப்போன தடம் இருந்தது. பக்கத்தில் உடைந்த ஓடுகள் கிடந்தன. பொழுது விடியும்வரை அது கதறியது. யாரும் வரவில்லை.

காலையில் நரியின் முன்னால் போய் நின்றது.

"கேள்விப்பட்டேன்" என்றது நரி. "சொந்த முட்டைகளையே காக்கத் தெரியாத உன்னை அரசருக்கு எப்படிக் காவல் வைப்பது? நீ தேறவில்லை. அடுத்தது யார்?"

வாலை நீவிவிட்டுக்கொண்டு ஆசையோடு முன்னால் வந்தது ஓர் அணில்.

"போகாதே" என்று சொல்ல வாயைத் திறந்தது ஆள்காட்டி. கத்திக் கத்தி வறண்ட தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை.

நீதி: சோதிக்கிறேன் என்று சொல்லியே வேலை வாங்குகிறவன், ஒருநாளும் வேலை தரமாட்டான்.