இரண்டு கீப்பர்களும் பன்னிரண்டு பந்துகளும்

"மாஸ்டர், ரெண்டு பேர்ல யாரை எடுக்க? நீங்களே சொல்லிருங்க. ரெண்டு நாளா சோறு இறங்கல."

கேட்டவர் நயினார். தூத்துக்குடியில் ஒரு சின்ன கிரிக்கெட் கிளப்பின் கேப்டன், வயது முப்பத்தாறு.

கேட்கப்பட்டவர் செல்வின் மாஸ்டர், கிளப்பின் கோச். கேப்டனைவிட இரண்டு வயது இளையவர். முழங்கால் போன பிறகு ஆட்டத்தை விட்டார். பேச்சையும் பாதி விட்டுவிட்டார்.

"யார் யாரு, அண்ணாச்சி?"

"தெரியாத மாதிரி கேக்கியளே! கபிலனும் லூர்துவும். ஞாயித்துக்கிழமை தோத்தா கீழ் டிவிஷனுக்குப் போயிருவோம். மத்த பத்து எடமும் முடிஞ்சாச்சு. விக்கெட் கீப்பர் ஒருத்தன்தான் பாக்கி."

"கபிலன் எப்படி?"

"நல்லா அடிக்கான். மூணு மேட்ச்ல ரெண்டு அம்பது. கீப்பிங் சுமார்."

"லூர்து?"

நயினார் தரையைப் பார்த்தார்.

"பிடிக்கிறதுல அவன அடிச்சுக்க ஆளில்ல. பேட்டிங்தான்... எட்டு மேட்ச்ல முப்பத்தோரு ரன். அதுலயும் நாலு, அவங்க தப்பா எறிஞ்ச ஓவர்த்ரோல வந்தது."

மாஸ்டர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்.

"கணக்குப் போட்டுப் பாக்க வேண்டியதுதான?"

"போட்டேன். நோட்டுல ஒரு பக்கம் அடிக்கிற ரன், மறுபக்கம் விடுற ரன். எப்படிக் கூட்டினாலும் கபிலன்தான் வாரான். ஆனா லூர்துவும் நானும் பதினஞ்சு வருஷமா ஒண்ணா ஆடுதோம், மாஸ்டர். அவன வெளிய உக்கார வைக்கணும்னு நெனச்சாலே நெஞ்ச அடைக்கி. பாசத்துல கிளப்பை முக்கிருவேனோன்னும் பயமா இருக்கு."

மாஸ்டர் எழுந்து நொண்டிக்கொண்டே போனார். இரண்டு தட்டுகளோடு திரும்பினார். ஒன்றில் கோடு போடும் சுண்ணாம்புத் தூள், இன்னொன்றில் காவிப் பொடி.

"ஆளுக்கு ஒரு ஓவர் போடுங்க. கபிலன் நின்னா பந்தை வெள்ளையில உருட்டுங்க. லூர்து நின்னா சிவப்புல."

"எதுக்கு மாஸ்டர்?"

மாஸ்டர் பேட்டை எடுத்துக்கொண்டு, பச்சைப் பாய் விரித்த பிட்சின் மறுமுனைக்குப் போய்விட்டார். இந்த மனிதரிடம் காரணம் கேட்டு வாங்கியவர் அந்த கிளப்பில் எவரும் இல்லை.

நயினார் லெக் ஸ்பின்னர். மெதுவாக, உயரமாக, பேட்ஸ்மேனின் காலடியில் இறங்கும் பந்தில்தான் அவருக்கு விக்கெட் விழும். பேட்ஸ்மேன் ஏமாந்து கீப்பரும் விட்டால் நாலு ரன் போய்விடும்.

பயிற்சிக்கு வந்திருந்த இருவரையும் கூப்பிட்டார். முதலில் கபிலன் ஸ்டம்புக்குப் பின்னால் நின்றான். மாஸ்டர் வேண்டுமென்றே ஒரு பந்தையும் பேட்டால் தொடவில்லை. ஆறு பந்தையும் கபிலன் பிடித்தான்.

அடுத்து லூர்து. ஐந்தைப் பிடித்தான். கடைசிப் பந்து திரும்பிய திருப்பில் அவனையும் ஏமாற்றி வேலிவரை ஓடியது. அவனே எடுக்கப் போனான்.

நயினாரின் முகம் தொங்கிவிட்டது.

"பாத்தாச்சுல்லா மாஸ்டர்? கபிலன் ஒண்ணுகூட விடல."

"பாயைப் பாருங்க."

பார்த்தார்.

வெள்ளைத் தடங்கள் ஆறும் குட்டையாக, பாதுகாப்பாக, பேட்ஸ்மேனுக்கு வெகு முன்னாலேயே கிடந்தன. சிவப்புத் தடங்கள் ஆறும் மாஸ்டரின் காலடியில் இருந்தன. ஒன்று அவருடைய ஷூ நுனியை ஒட்டி விழுந்திருந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணு போலதான போட்டேன்?"

மாஸ்டர் பேட்டை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இதை நோட்டுல எந்தப் பக்கத்துல எழுதுவிய, அண்ணாச்சி?"

நயினார் பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு சிவப்புத் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

லூர்து பந்தோடு வந்து சேர்ந்தான்.

"கடைசிய விட்டுட்டேன்லே. நீ கபிலனையே எடு. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

பொய் சொல்லும்போது லூர்து கிளவுஸைக் கழற்றிக் கழற்றி மாட்டுவான். இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

நயினார் எழுந்து பந்தை வாங்கினார்.

"ஞாயித்துக்கிழமை இதைவிட மெதுவாப் போடுவேன். போய் நில்லுலே."