யாருடைய மாத்திரை?

ஒரு பொருளுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். நிலத்துக்கு, நகைக்கு, ரயிலில் ஜன்னலோர இருக்கைக்குக்கூடச் சண்டை நடக்கும். சோதனையில் மாட்டிக்கொண்ட பொருளுக்கு இரண்டு பேர் 'என்னுது, என்னுது' என்று போட்டி போட்டதைக் கேட்டிருக்கிறீர்களா? கவனமாகக் கேளுங்கள். கடைசியில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் ஆவுடையப்பன். அவர் மனைவி உலகம்மாளுக்கு வலிப்பு நோய். தினமும் மாத்திரை போட்டுக்கொள்வதால் பல வருடங்களாக அது எட்டிப் பார்க்கவில்லை. நிறுத்தினால் திரும்ப வந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இந்த விஷயத்தை வெளியே மூச்சு விடாமல்தான் மகள் கோமதியைக் கட்டிக்கொடுத்தார்கள். அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும் என்று நாலு பேர் நாக்கைச் சுழற்றுவார்களே, அந்தப் பயம். பயந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு ஆவுடையப்பன் செய்த காரியத்தைத்தான் சொல்ல வேண்டும்.

கோமதி கணவனோடு கோலாலம்பூரில் இருக்கிறாள். பிரசவத்துக்குத் துணையாக ஆவுடையப்பனும் உலகம்மாளும் கிளம்பினார்கள். மாப்பிள்ளையின் அம்மா சங்கரவடிவும் கூடவே வந்தாள். அங்கே பெண்கள் இருவரும் ஒரே அறையில் தங்க வேண்டும். மாத்திரை அட்டையில் உள்ள பெயரைப் படித்துவிட்டுச் சம்பந்தியம்மாள் யாரிடமாவது கேட்டுவிட்டால்? ஆவுடையப்பனுக்குத் தன் மூளையைப் பற்றி எப்போதுமே ஒரு பெருமை உண்டு. அத்தனை மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, காலியான ஒரு சத்து மாத்திரை டப்பாவில் போட்டு, தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். டாக்டர் கொடுத்த சீட்டையும் வீட்டிலேயே விட்டுவிடச் சொன்னார். உலகம்மாள் சரியென்று தலையாட்டிவிட்டு, அதை மடித்துத் தன் பர்ஸில் செருகிக்கொண்டாள்.

விமானத்தில் சாப்பாடு முடிந்ததும் அவள் டப்பாவை வாங்கி ஒரு மாத்திரையை விழுங்கினாள். பக்கத்து இருக்கையில் இருந்த சங்கரவடிவு, "என்ன மதினி அது?" என்றாள்.

"சத்து மாத்திரை."

"எனக்கும் ஒண்ணு தாங்க. முட்டு ரெண்டும் கழண்டு விழுந்திரும் போல இருக்கு."

உலகம்மாள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கொடுக்கவும் முடியாது, ஏன் கொடுக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. "எண்ணித்தான் கொண்டாந்திருக்கேன் மதினி, காணாது" என்று டப்பாவை மூடினாள். ஒரு மாத்திரைக்குக் கணக்குப் பார்க்கிற சம்பந்தியா என்று சங்கரவடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இறங்கியதும் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. கோமதிக்கு வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மூவரும் ஓட்டமும் நடையுமாகச் சுங்கப் பரிசோதனைக்கு வந்தார்கள். மற்ற பைகள் எல்லாம் பரிசோதனையைத் தாண்டிவிட்டன. ஆவுடையப்பனின் கைப்பையை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார்கள்.

அதிகாரி அந்த ஊர்த் தமிழர். டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். வெளியே எழுதியிருந்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறு.

"இது யாருடையது?"

"என்னுதுதான் ஐயா" என்றார் ஆவுடையப்பன்.

"என்ன மாத்திரை? டாக்டர் சீட்டு எங்கே?"

"சீட்டெல்லாம் இல்லை. சும்மா உடம்பு வலிக்குப் போடுறது."

அதிகாரியின் முகம் மாறியது. "பேர் தெரியாத மாத்திரை, சீட்டும் இல்லை. நீங்க உள்ளே வாங்க ஐயா, விசாரிக்கணும். மாத்திரை எங்ககிட்ட இருக்கும். மத்தவங்க போகலாம்."

உலகம்மாளின் கை பர்ஸுக்குப் போய் நின்றது. சீட்டு பர்ஸில் இருக்கிறது. எடுத்தால், பக்கத்தில் நிற்கும் சம்பந்தியின் காதில் அத்தனையும் விழும். பிள்ளை பெறுகிற நேரத்தில் மகள் வாழ்க்கை என்ன ஆகும்? எடுக்காவிட்டால் கணவர் உள்ளே போவார், மாத்திரையும் போய்விடும். தவியாய்த் தவித்தாள். பிறகு பர்ஸைத் திறந்தாள்.

"ஐயா, அவங்க என்னைக் காப்பாத்தப் பொய் சொல்லுதாங்க. மாத்திரை என்னுது. எனக்கு வலிப்பு வியாதி. சீட்டுல என் பேருதான் இருக்கு."

"பயத்துல உளறுதா ஐயா. என்னுதுதான்" என்றார் ஆவுடையப்பன். மனுஷன் விடுவதாக இல்லை.

பை கணவருடையது, சீட்டு மனைவியின் பேரில். அதிகாரி சங்கரவடிவின் பக்கம் திரும்பினார். "நீங்களும் இவங்களோட வந்தவங்கதானே? இது யாருடையதுன்னு தெரியுமா?"

சங்கரவடிவுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இத்தனை நாள் தன் கண்ணில் மண்ணைத் தூவியவர்கள் எதிரே நிற்கிறார்கள். 'எனக்கொன்றும் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நேரே பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய்விடலாம். அவள் உலகம்மாளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மதினியோடதுதான். விமானத்துல அவங்க போட்டதைப் பார்த்தேன். எனக்கு ஒண்ணு கேட்டேன், தரலை. ஏன் தரலைன்னு இப்பத்தான் தெரியுது."

இப்போது சொல்லுங்கள். மனைவிக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் கணவர். மகள் வாழ்க்கை என்ன ஆகுமோ என்று பதறியும் உண்மையைச் சொன்னாள் மனைவி. ஏமாந்தது தெரிந்த நிமிஷத்திலேயே சாட்சி சொன்னாள் சம்பந்தி. இந்த மூவரில் யார் செய்தது சரி? உங்கள் முடிவைச் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

கணவர் என்று சொன்னவர்கள் கொஞ்சம் நிதானியுங்கள். உலகம்மாள் பேரில் அது மருந்து, ஆவுடையப்பன் பேரில் அது குற்றம். பிரியத்தில் சொன்ன பொய்தான், ஆனால் ஒழுங்காகக் கொண்டுவரக்கூடிய மருந்தை அது திருட்டுச் சரக்காக்கிவிட்டது. சங்கரவடிவு செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அவள் சாட்சி சொல்வதற்கு முதலில் ஒருத்தி வாயைத் திறக்க வேண்டியிருந்தது. ஆகவே உலகம்மாள் செய்ததுதான் சரி. மருந்தாளுநரை வரவழைத்து மாத்திரையையும் சீட்டையும் ஒத்துப் பார்த்த பிறகு, ஆவுடையப்பனை நன்றாகக் கண்டித்து அனுப்பிவைத்தார்கள். காரில் சங்கரவடிவு ஆவுடையப்பனிடம் ஒரே ஒரு முறைதான் பேசினாள். "பொண்ணு பார்க்க வந்தப்பவே சொல்லியிருந்தா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன் அண்ணாச்சி." ஆஸ்பத்திரியில், ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் முதலிடம் என்று உலகம்மாள் சுவரோரமாக ஒதுங்கினாள். சங்கரவடிவு அவள் தோளைப் பிடித்து முன்னே தள்ளினாள். "போங்க மதினி. அவ உங்களைத்தான் தேடுவா."