வாசலில் பிடிபட்ட பாட்டில்

ஒரு திங்கட்கிழமை காலை. கொங்குச் சீமையில் ஏதோ ஒரு கலெக்டர் ஆபீஸ். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், கேட்டால் கதை நகராது. அதன் வாசலில் போலீஸாருக்குத் துணையாக மூன்று பேர் டூட்டி பார்த்தார்கள். ஒருவர் மெட்டல் டிடெக்டர், ஒருவர் நீல டிரம், இன்னொருவர் நீள நோட்டு.

டிடெக்டருக்குத் தலைக்கனம் அதிகம். கதவுகூட இல்லாத வெறும் நிலைச்சட்டம்தான். ஆனாலும் ஆளுயரத்துக்கு மேலே நிமிர்ந்து நின்றுகொண்டு, சாவிக்கொத்துக்கும் இடுப்புத் தாயத்துக்கும் கீ கீ என்று கத்தும். தான் இல்லாவிட்டால் இந்த மாவட்டமே நிலைக்காது என்று அதற்கு நினைப்பு.

டிரம் ஒரு சாப்பாட்டு ராமன். உள்ளே விடக் கூடாத பாட்டில்களெல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் போகும். சாயங்காலம் துப்புரவுக்காரர் வந்து வேப்பமரத்தடியில் கவிழ்ப்பார். எது யாருடையது, எதற்காகப் பிடித்தார்கள், ஒன்றும் அதற்கு ஞாபகம் இருக்காது.

நோட்டின் நிலைமைதான் பாவம். கழுத்தில் கயிறு கட்டிய பேனாவோடு, டிபன் கேரியருக்கு அடியில் கிடந்தது. அதன் முதல் பக்கத்தில் உத்தரவு ஒட்டியிருந்தது. சந்தேகமான பொருளைப் பிடித்தால், என்ன பொருள், யாரிடம் பிடித்தது, ஏன் பிடித்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை உடையவரிடம் கொடுக்க வேண்டும். யார் எழுதுகிறார்கள்? டிரம்மில் தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது. நோட்டைத் திறந்து எட்டு மாசம் ஆகியிருந்தது.

தண்ணீர் பாட்டிலுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று நினைப்பீர்கள். முன்பொரு தரம், மனம் வெறுத்துப்போன ஒருவர் பாட்டிலில் மண்ணெண்ணெயோடு வந்துவிட்டார். போலீஸார் பாய்ந்து பிடித்து அந்த உயிரைக் காப்பாற்றினார்கள். அன்று முதல் பாட்டில் கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும் வாசலில் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். குடித்தால் உள்ளே, இல்லாவிட்டால் டிரம். நல்ல ஏற்பாடுதான். நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு வரிசையில் பழனாத்தாள் வந்து நின்றாள். செம்பூத்துப்பாளையத்துக்காரி, நாலு மாடும் ஒரு கிணறும் உள்ளவள். கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் ஒரு சாயப்பட்டறை. அது வந்த இரண்டாம் வருஷமே கிணறு கெட்டுப்போனது. மாடு முகம் திருப்பிக்கொள்ளும் அந்தத் தண்ணீரைத்தான் டேங்கர் வராத நாளில் அவள் வீட்டில் காய்ச்சிக் குடித்தார்கள். இப்போது பட்டறைக்காரர் பக்கத்திலேயே இன்னொரு பட்டறைக்கு அனுமதி கேட்டிருந்தார். பதினொரு மணிக்குக் கோட்டாட்சியர் விசாரணை. அதில் அனுமதி கிடைத்துவிட்டால் ஊரில் மிச்சமிருக்கும் ஆறு கிணறும் போச்சு.

அவளுடைய துணிப்பைக்குள் ஒரு லிட்டர் பாட்டில் இருந்தது. கிணற்றிலிருந்து விடிகாலை மொண்டது. பார்க்க இளநீர் மாதிரித் தெளிவாகத்தான் இருக்கும், மூக்குக்குத்தான் அதன் சங்கதி தெரியும். நெடி போய்விடக் கூடாதே என்று மூடிக்கு மேல் பாலித்தீன் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

சோதனை மேஜையில் பையை வைத்தாள். ஏட்டம்மா ரெஜினா பைக்குள் இருந்த மனு நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் பாட்டில் வாசல்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தது. தான் மூச்சை அடக்கிக்கொண்டு நல்ல தண்ணீர் போல நடித்து எப்படியாவது உள்ளே போய்விடப் போவதாகச் சொன்னது.

டிடெக்டருக்குச் சிரிப்பு வந்தது. தனக்கு இரும்பும் வெள்ளியும் மட்டும்தான் தெரியும், தண்ணீரெல்லாம் தன் இலாகா இல்லை, தாராளமாகப் போகலாம் என்றது. டிரம் வாயைப் பிளந்துகொண்டு, வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி, தன் வயிற்றில் இடம் இருக்கிறது என்றது.

நோட்டு மட்டும் டிபன் கேரியருக்கு அடியிலிருந்து மெல்லக் கேட்டது.

"நீ உள்ளே போக வேண்டுமானால் இந்த அம்மாள் உன்னைக் குடித்துக் காட்ட வேண்டும். தெரியுமா?"

"தெரியும். குடித்துவிடுவாள். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியாது" என்றது பாட்டில்.

"குடித்துவிட்டு உள்ளே போய், இது கெட்ட தண்ணீர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வாசலில் நீங்களே குடித்தீர்களே அம்மா என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்கள்."

பாட்டிலுக்குப் பகீர் என்றது. இது அதற்குத் தோன்றவே இல்லை.

"நான் என்னதான் செய்வது?"

"நடிக்காதே. நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே வெளியே வா."

"வந்தால் டிரம்மில் போட்டுவிடுவார்களே."

"போடலாம். என்னைத் திறந்தாலும் திறக்கலாம். எட்டு மாசமாக நான் அதற்காகத்தான் கிடக்கிறேன்."

வேப்பமரத்தடி மண்ணை நினைத்துப் பாட்டில் கொஞ்சம் நடுங்கியது. பிறகு மனசைத் தேற்றிக்கொண்டது.

ஏட்டம்மா நிமிர்ந்து, எல்லோரிடமும் சொல்வதையே பழனாத்தாளிடமும் சொன்னார். ஒரு வாய் குடித்துவிட்டு எடுத்துப் போகலாம். பழனாத்தாள் ஒரு கணம் யோசித்தாள். ஆபீஸ் கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது. ரப்பர் பேண்டைக் கழற்றினாள், பாலித்தீனைப் பிரித்தாள், மூடியைத் திருகிப் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோனாள்.

பாட்டில் தன்னிடமிருந்த நெடி முழுவதையும் வெளியே விட்டது. கந்தகமும் சாயமும் அழுகலும் கலந்த வாடை. வரிசையில் நின்றவர்கள் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஏட்டம்மா மேஜையைத் தாண்டிக் கையை நீட்டி, அவள் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கிவிட்டார்.

"குடிக்காதீங்கம்மா. என்னது இது? ஆசிடா?"

"எங்க கிணத்துத் தண்ணிங்க."

ஏட்டம்மா நம்பவில்லை. பாட்டிலுக்கு மூடி போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு டிரம்மின் பக்கம் கையை நீட்டினார். டிரம் நாக்கைச் சப்புக்கொட்டியது. பழனாத்தாள் அந்தக் கையைப் பிடித்தாள். ஐந்து வருஷமாக மனுக் கொடுத்து அலைந்ததில் அவள் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. எந்த ஆபீஸிலும் ரசீது வாங்காமல் இடத்தைவிட்டு நகரக் கூடாது.

"அதுல போடாதீங்க அம்மிணி. போலீஸ் ஒரு பொருளப் புடிச்சா அதுக்கு எழுத்து வேணுமுங்க. ஏன் புடிச்சீங்கன்னு எழுதிக் குடுங்க, நான் போறேன்."

எழுதினால் இன்ஸ்பெக்டர் கேட்பார், வேலை இழுக்கும், பின்னால் நிற்கிற வரிசை முணுமுணுக்கும். ஏட்டம்மாவுக்கு இதெல்லாம் தெரியாமலில்லை. ஆனால் இந்தத் தண்ணீரைக் குடிக்கப் போனவளின் முகம் கண்ணெதிரில் நின்றது. வீட்டிலும் இதைத்தான் குடிக்கிறீர்களா என்று கேட்டார். டேங்கர் வராத நாளில் என்றாள் பழனாத்தாள், பேரன்கூட. ஏட்டம்மா டிபன் கேரியரை நகர்த்தினார்.

நோட்டு திறந்தது. பேனா முதலில் மக்கர் பண்ணியது, இரண்டு முறை உதறியதும் வழிக்கு வந்தது. பெயர், ஊர், நேரம் எழுதினார். பொருள் என்ற இடத்தில் 'கிணற்று நீர் எனக் கூறப்படும் திரவம், மூக்கைத் துளைக்கும் நெடியுடையது' என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, 'மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கலாம் என்பதால் அலுவலகத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நகலைக் கிழித்துக் கொடுத்தார். பாட்டிலை டிரம்மில் போடாமல் நோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

பழனாத்தாள் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு நடந்தாள். டிடெக்டர் அவள் கால்மெட்டிக்குக் கீ கீ என்று கத்தியது. அது தன் கடமையில் குறை வைக்காது.

உள்ளே பட்டறைக்காரரின் வக்கீல் எழுந்து ஒரு பரிசோதனை அறிக்கையை நீட்டினார். செம்பூத்துப்பாளையத்துக் கிணற்று நீரில் யாதொரு குறையும் இல்லை, குடிக்கத் தகுந்தது என்று அதில் போட்டிருந்தது. மறுக்கிறவர்களிடம் எழுத்துபூர்வமாக ஏதாவது உண்டா என்று கோட்டாட்சியர் கேட்டார். ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பழனாத்தாள் எழுந்து போய்ப் போலீஸ் நகலை மேஜைமேல் வைத்தாள்.

கோட்டாட்சியர் இரண்டு தடவை படித்தார். ஆளனுப்பி, நோட்டையும் பாட்டிலையும் கொண்டுவரச் சொன்னார். ஏட்டம்மா இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். காலையில் உள்ளே போகக் கூடாது என்று பிடிபட்ட பாட்டில், இப்போது போலீஸ் கையிலேயே மரியாதையாக வந்து விசாரணை மேஜைமேல் நின்றது.

வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. போலீஸ்காரர் மூக்கு என்ன ஆய்வுக்கூடமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஊர்க்காரர்களுக்குக்கூட முகம் சுருங்கியது. பழனாத்தாள் மட்டும் அசையவில்லை. கோட்டாட்சியரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"வாசல்ல ஒரு வழக்கமுங்க சாமி. நல்ல தண்ணின்னு சொல்றவங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டோணும். நான் குடிக்கப் போனேன், ஏட்டம்மா உடலீங்க. இது நல்ல தண்ணின்னு காயிதம் கொண்டாந்தது அவருதானுங்க. அவரு குடிச்சுக் காட்டட்டும்."

கோட்டாட்சியர் பாட்டிலின் மூடியைத் திறந்து வக்கீல் பக்கம் நகர்த்தினார். வக்கீல் பட்டறைக்காரரைப் பார்த்தார். பட்டறைக்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். சித்திரை வெயில், மின்விசிறியும் சரியாகச் சுற்றவில்லை, நாக்கு உலராதவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை.

பாட்டில் காத்திருந்தது. அதைத் தொட யாரும் கை நீட்டவில்லை. கோட்டாட்சியர் புதுப் பட்டறையின் கோப்பில் அனுமதி இல்லை என்று எழுதி மூடி, நாடாவை இழுத்துக் கட்டினார்.