மொட்டை மாடியில ஒரு நாற்காலி

சிஷ்யருக்கு அம்பது வயசு தாண்டிருச்சு, பேரு தனுஷ்கோடி. குருவுக்கு நாப்பது கூட ஆகல, பேரு சகாயமேரி. வெயிலுக்கும் காத்துக்கும் தக்கன கட்டடம் கட்டுறதுல கெட்டிக்காரி. சிஷ்யரு குருவ மேடம்பாரு, குரு சிஷ்யர சாரும்பாங்க. யாரு யாருக்குப் பாடம் சொல்றாங்கன்னு பாக்குறவனுக்குப் புரியாது. பல நாளு தனுஷ்கோடிக்கே புரியாது.

வேலைக்குப் போற பொண்ணுங்க தங்குறதுக்கு, திருச்சியில ஒண்டிமுத்துன்னு ஒரு முதலாளி ஹாஸ்டல் கட்டிக்கிட்டிருந்தாரு. தனுஷ்கோடி தன் பேரப் போட்டு வரஞ்ச மொத கட்டடம் அதுதான். ஃபேனு, லைட்டு, மோட்டாரு எல்லாம் மாடியில வைக்கிற சோலார்லயே ஓடும்னு வாக்குக் குடுத்தவரும் அவருதான்.

தை மாசம் ஒரு நாள் காலையில மேடத்துக்குப் போன் வந்துச்சு. தனுஷ்கோடிதான் பேசுனாரு.

"மேடம், நேத்து மத்தியானம் மாடிக்கு ஏறுனேன். தண்ணி டேங்குக்குத் தூண் ஊத்தப் பலகையில அடிச்சிருக்கோம்ல தூண் பெட்டி, அதோட நிழலு சோலார் பேனல் வைக்கிற இடத்துல காலு நீட்டிப் படுத்திருக்கு. தூணுக்கே இப்படின்னா, மேல டேங்க் வந்தா? ஒரு பேனல்ல நிழல் விழுந்தா அதோட கோத்த வரிசையே கரண்டு தராம படுத்துருமே."

"வரையும்போது பாக்கலியா சார்?"

"வரஞ்சது வைகாசியில. அப்ப நிழலு தெக்குச் சொவர ஒட்டிக்கிட்டு நல்ல புள்ளையாட்டம் போச்சு."

"டேங்க வேற மூலைக்கு மாத்திருங்க."

"அது கன்னி மூலை மேடம். தென்மேக்குதான் எல்லாத்தையும் விட ஒசரமா இருக்கணும்னு வாஸ்துக்காரரு சொல்லிட்டாரு. போன எஞ்சினியரு அந்த மூலையப் பத்தி வாயத் தொறந்தாரு. இப்ப அவரு ஹெல்மெட்டு மட்டும்தான் சைட்டுல இருக்கு."

மேடம் சிரிக்கல. "தூணுக்கு எப்ப காங்கிரீட்டு?"

"இன்னைக்கு. ஊத்திட்டா அப்புறம் இடிக்கத்தான் முடியும். சொன்னா வேல போச்சு. சொல்லலேன்னா வாக்கு போச்சு. நீங்களே சொல்லுங்க, நான் யாரப் பகைச்சுக்கிறது? முதலாளியையா, சூரியனையா?"

"லாரிய நாலு மணிக்கு வரச் சொல்லுங்க. முதலாளிய ரெண்டு மணிக்கே வரச் சொல்லுங்க. ஒரு தார்ப்பாய் எடுத்து வைங்க. ஒரு நாற்காலியும்."

"கேட்டதுக்குப் பதிலு?"

போன் கட்டாயிருச்சு.

மத்தியானம் மேடம் வந்து, நாலு தூண் பெட்டியோட தலையிலயும் தார்ப்பாயச் சுத்திக் கட்டச் சொன்னாங்க, டேங்க் நிக்கிற ஒசரத்துக்கு. பேனல் வர்ற இடத்துல செங்கல் துண்டால சேப்புக் கோடு போட்டாங்க. தனுஷ்கோடி கர்சீப்பப் பிழிஞ்சு பிழிஞ்சு தொடச்சாரு.

காங்கிரீட்டுக்கு முன்னாடி தேங்கா உடைக்க ஒண்டிமுத்து வந்தாரு. தேங்காயும் சூடமும் அவரே கொண்டு வந்துருவாரு, அடுத்தவன நம்ப மாட்டாரு.

"லாரி எங்கய்யா?"

"வந்துக்கிட்டே இருக்குங்கய்யா."

"நீ பொறந்ததுலேர்ந்து இதத்தான்யா சொல்லிக்கிட்டிருக்க."

தர வெயில்ல கொதிச்சுச்சு. ஒண்டிமுத்து நாற்காலிய இழுத்து, தார்ப்பாய் நிழலு எங்க விழுந்துச்சோ அங்க போட்டு உக்காந்தாரு. கொஞ்ச நேரத்துல மூக்கு மேல வெயில் ஏறுச்சு. எந்திரிச்சாரு, நாற்காலியத் தூக்கித் தள்ளிப் போட்டாரு. மறுபடியும் நிழலு நகந்துச்சு, அவரும் நகந்தாரு. வையுறது லாரிய, பாக்குறது தனுஷ்கோடிய.

"நாமளே சொல்லிரலாமா மேடம்?" தனுஷ்கோடி காதுல கேட்டாரு.

மேடம் வாய்ல வெரல வச்சாங்க.

கீழ லாரி ஹாரன் அடிச்சுச்சு. ஒண்டிமுத்து எந்திரிக்கப் போனவரு காலடியப் பாத்தாரு.

"இது என்னய்யா கோடு?"

தனுஷ்கோடி மேடத்தப் பாத்தாரு. மேடம் அவரையே பாத்தாங்க, உதவிக்கு வரல.

"பேனல் வைக்கிற இடம்ங்கய்யா."

"நான் மொதல்ல உக்காந்தேனே, அங்க?"

"அதுவும்தான்."

ஒண்டிமுத்து நிழலப் பாத்தாரு, தார்ப்பாயப் பாத்தாரு. ரெண்டாவது ஹாரன் அடிச்சுச்சு. அவரு மொகம் கருத்துருச்சு.

"டேங்க் கன்னி மூலைய விட்டு ஒரு அடி நகராது. சொல்லிட்டேன்."

"நகர வேணாம்ங்கய்யா." சொன்னப்புறம்தான் தனுஷ்கோடிக்கே தெரிஞ்சுச்சு, பேசுறது தான்தான்னு. "டேங்க தூணுக்கு மேல ஏத்தாம, அந்த நாலு தூணுக்கும் நடுவுல இடுப்பு ஒசரத்து மேடையில வச்சிருவோம். தூணு இதே தூணுதான். அது மேலேர்ந்து மாடி முழுக்கப் பந்தலாட்டம் பேனலப் போட்டுருவோம். மிச்ச இடத்துல பேனலத் தாங்க, தூண விட நாலு வெரக்கடை கட்டையா இரும்புக் காலு. கன்னி மூலையில ஒசரமும் குறையாது, நிழலும் பேனல் மேல விழாது."

"அப்ப நிழலு எங்க விழும்?"

"டேங்க் மேல."

ஒண்டிமுத்து டேங்க் நிக்கப் போற இடத்தப் பாத்தாரு. சித்திரையில அவரு வீட்டுக் குழாயத் தொறந்தா டீ போடுற சூட்டுல தண்ணி வரும். தொறந்து வச்சுட்டு, அது ஆறுற வரைக்கும் துண்டோட நிப்பாரு.

"பொண்ணுங்க குளிக்கிற தண்ணி வேகாதுங்கிற?"

"வேகாதுங்கய்யா."

"வாஸ்துக்காரன் எதாச்சும் சொன்னா?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு இங்க கூட்டிட்டு வாங்க" அப்படின்னாங்க மேடம். "நாற்காலி இங்கயேதான் இருக்கும்."

ஒண்டிமுத்து மொறைச்சாரு. அப்புறம் தேங்காயத் தூக்கித் தூணுகிட்ட ஓங்கி உடைச்சாரு.

"ஊத்தச் சொல்லுய்யா."

அவரு எறங்கிப் போனதும் தனுஷ்கோடி மூஞ்சியத் தொடச்சாரு. அதே நாற்காலியில உக்காந்தாரு.

"காலையில ஒண்ணு கேட்டேனே மேடம். முதலாளியையா, சூரியனையான்னு. நீங்க இன்னும் பதிலே சொல்லல."

மேடம் தார்ப்பாயோட முடிச்ச அவுத்துக்கிட்டே சொன்னாங்க.

"யாரு பின்னாடி யாரு நாற்காலியத் தூக்கிக்கிட்டுப் போனாங்கன்னு பாத்துக்கிட்டுதான சார் நின்னீங்க."